அயனித் திரவத்தில் பிரித்தெடுக்கும்போது சொட்டு காணாமல் போவது ஏன்? இன்னும் சில தவறுகள்

மையவிலக்கை நிறுத்திவிட்டுக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் சொட்டே இருக்காது. அயனித் திரவத்தை (அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு) வைத்து நுண்பிரித்தெடுப்பு (நீர் மாதிரியில் உள்ளதைச் சில மைக்ரோலிட்டர் திரவத்துக்குள் இழுத்துச் சொட்டாகத் திரட்டுவது) செய்யத் தொடங்குபவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். சுழற்சி போதவில்லை என்று வேகத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதில் பயன் இல்லை, திரவம் முழுக்க நீரில் கரைந்து போயிருக்கும்.

"நீரில் கலக்காதது" என்று புட்டியில் எழுதியிருப்பதை "நீரில் கரையாதது" என்று படித்துவிடுகிறோம். பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் (இனி பியூட்டைல்-பிஎஃப்6) ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 19 கிராம் கரையும். அப்படியென்றால் 10 மி.லி. மாதிரியே 190 மி.கி. திரவத்தை விழுங்கிவிடும். வழக்கமாக நாம் விடும் 50 மைக்ரோலிட்டரின் எடையோ 68 மி.கி. தான். நேரயனியில் உள்ள நான்கு கார்பன் பியூட்டைல் சங்கிலியை ஆறு கார்பன் ஹெக்சிலாக நீட்டினால் கரைதிறன் லிட்டருக்குச் சுமார் 7.5 கிராமாக இறங்கும், ஆனாலும் 10 மி.லி.க்கு 75 மி.கி. போய்விடும் என்பதால் 50 மைக்ரோலிட்டர் அப்போதும் தேறாது. எட்டு கார்பன் ஆக்டைலுக்கு வந்தால் 20 மி.கி. சொச்சம்தான் இழப்பு, 30 மைக்ரோலிட்டர் அளவுக்குச் சொட்டு மிஞ்சும். திரவத்தை நுண்துளிகளாகப் பரப்புவதற்காக அரை மி.லி. மெத்தனாலோ அசிட்டோனோ சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே மாதிரியின் கனஅளவை முடிவு செய்யும் முன் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டெட்ராஃபுளோரோபோரேட்டை எதிரயனியாகக் கொண்ட பியூட்டைல் வகை அறை வெப்பத்தில் நீரோடு முழுக்கக் கலந்துவிடும், அதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

இழப்பைக் குறைக்க எளிய வழி பொது அயனி விளைவு, அதாவது திரவத்தில் உள்ள அதே அயனியை நீரில் சேர்த்துத் திரவத்தின் கரைதிறனைக் குறைப்பது. ஹெக்சில்-பிஎஃப்6 எடுத்திருந்தால் 10 மி.லி. மாதிரியில் 168 மி.கி. சோடியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட்டைக் கரையுங்கள், அது 0.1 மோலார். கரைதிறன் பெருக்கக் கணக்குப்படி இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். இதற்குப் பதிலாகச் சாதாரண உப்பைக் கொட்டுபவர்கள் வேறொரு சிக்கலை இழுத்துக்கொள்கிறார்கள். நிறைவுற்ற உப்பு நீரின் அடர்த்தி 1.2, ஆக்டைல்-பிஎஃப்6-இன் அடர்த்தி 1.24-ஐ ஒட்டியது. வித்தியாசம் இவ்வளவு குறைந்தால் நுண்துளிகள் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். எல்லா அயனித் திரவமும் அடியில்தான் தங்கும் என்பதும் இல்லை. நீண்ட சங்கிலி கொண்ட டிரைஹெக்சில் டெட்ராடெசைல் பாஸ்போனியம் குளோரைடு நீரைவிட லேசானது, மேலே மிதக்கும். அடியிலிருந்து உறிஞ்சினால் வெறும் நீர்தான் வரும்.

மாதிரிக்குள்ளேயே இரண்டு உப்புகளைச் சேர்த்துத் திரவத்தை உருவாக்கும் முறையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஹெக்சில் மெத்தில் இமிடசோலியம் குளோரைடையும் லித்தியம் பிஸ்டிரைஃபிளிமைடையும் சம எடையில் போடுகிறார்கள், ஆனால் அங்கே சமமாக இருக்க வேண்டியது மோல் எண்ணிக்கை. 60 மி.கி. குளோரைடுக்கு 85 மி.கி. லித்தியம் உப்பு வேண்டும். அதையும் 60 மி.கி. மட்டும் போட்டால் நேரயனியில் 30 சதவீதம் ஜோடி கிடைக்காமல் நீரிலேயே நின்றுவிடும், சொட்டும் சிறுத்துவிடும். லித்தியம் உப்பு கொஞ்சம் கூடினால் தவறில்லை, பொது அயனி விளைவால் அது நல்லதற்கே.

பிபெட்டில் அளப்பதை நம்ப வேண்டாம். பியூட்டைல்-பிஎஃப்6-இன் பாகுத்தன்மை நீரைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு. சாதாரண காற்றிடைப் பிபெட் அதை முழுதாக இழுக்காது, இழுத்ததிலும் ஒரு படலம் முனையின் சுவரிலேயே ஒட்டி நிற்கும். குழாயைத் தராசில் வைத்து மி.கி. கணக்கில் விடுவதே சரி. கடைசியில் திரட்டிய சொட்டையும் அப்படியே எச்.பி.எல்.சி.யில் (உயர்திறன் திரவ நிறப்பிரிகைக் கருவி) செலுத்தாமல், எடை பார்த்து மெத்தனாலில் நீர்த்தபின் செலுத்துங்கள்.

அமிலத்தையும் சூட்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பழுதாவது முடிவு மட்டும் இல்லை. பிஎஃப்6 எதிரயனி நீரால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரும். வேதியியலாளர் ராபின் ராஜர்ஸின் குழு 2003-லேயே பியூட்டைல்-பிஎஃப்6 சிதைந்து ஃபுளோரைடு உப்பின் படிகமாக வந்ததைக் காட்டிவிட்டது. அறை வெப்பத்தில், நடுநிலை நீரில், சில நிமிட வேலைக்கு இது பெரிதாகத் தெரியாது. உலோகப் பகுப்பாய்வுக்காக நைட்ரிக் அமிலம் சேர்த்த மாதிரியை 80 டிகிரியில் வைத்தால் நிலைமை வேறு. ஹைட்ரஜன் ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும்; எனவே கண்ணாடிக் குழாயின் உட்புறம் மங்கியிருந்தால் அந்தக் குழாயைக் கழிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். பாலிபுரோப்பிலீன் குழாய்கள், தகுந்த கையுறை, அருகில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு காயத்துக்குத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அமிலமும் சூடும் தவிர்க்க முடியாதவை என்றால் பிஸ்டிரைஃபிளிமைடு வகைக்கு மாறுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நீரால் எளிதில் சிதையாது.

புட்டியில் வந்ததைச் சோதிக்காமல் பயன்படுத்துவதும் பரவலான பழக்கம். நீரில் கலக்காத வகையைச் சிறிது நீரால் கழுவி, அந்தக் கழுவுநீரில் நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விடுங்கள். கலங்கினால் ஹாலைடு மிச்சம் இருக்கிறது, கலங்கல் நிற்கும்வரை கழுவ வேண்டும். தயாரிப்பில் மிஞ்சிய மெத்தில் இமிடசோல் அதைவிடத் தொல்லை. அது தாமிரம் போன்ற உலோகங்களைத் தானே பிடித்துக்கொள்ளும், உலோகத்தைப் பிடிக்க நீங்கள் சேர்த்த பிணைப்பானுக்குக் கிடைத்த வெற்றி என்று அதை எண்ணிவிடுவீர்கள். பிணைப்பான் சேர்க்காத வெற்றுச் சோதனை ஒன்று ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். ஈரப்பதத்துக்கு வெற்றிடத்தில் 60 முதல் 70 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, கார்ல் ஃபிஷர் முறையில் பாருங்கள்.

உலோக அயனிகளைப் பிரிப்பவர்கள் வழக்கமான கரிமக் கரைப்பானின் விதிகளை இங்கே பொருத்திப் பார்த்து ஏமாறுகிறார்கள். கிரவுன் ஈதரோடு (உலோக அயனியைப் பிடிக்கும் வளைய மூலக்கூறு) ஸ்ட்ரான்சியம் இமிடசோலியம் திரவத்துக்குள் போகும்போது, பல நேரங்களில் ஈடாக இமிடசோலியம் நேரயனி நீருக்குள் இறங்குகிறது. நடப்பது கரைதல் இல்லை, அயனிப் பரிமாற்றம். அதனால் நைட்ரேட் செறிவைக் கூட்டினால் பிரித்தெடுப்பு கூடும் என்ற எதிர்பார்ப்பு தலைகீழாகலாம். ஒவ்வொரு சுற்றிலும் திரவமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும்.

கருவியில் ஏற்றும்போது நேரும் பிழைகள் எளிதில் கண்ணில் படும், ஆனால் திருத்துவதற்குச் செலவு அதிகம். இமிடசோலியம் வளையம் 211 நானோமீட்டரை ஒட்டி வலுவாக உறிஞ்சும், எனவே 210-இல் உணரியை வைத்தால் பெரிய சிகரம் ஒன்று உங்கள் சேர்மத்தை மூடிவிடும். சேர்மம் இடம் கொடுத்தால் 250-க்கு மேலே போங்கள். ஜி.சி.யில் (வாயு நிறப்பிரிகைக் கருவி) அயனித் திரவத்தை நேரடியாக ஊசியால் செலுத்தக் கூடாது. அது ஆவியாகாது, உட்செலுத்துமிடத்துக் கண்ணாடிக் குழலில் தங்கிக் கருகும், பின்னால் வரும் மாதிரிகளையும் கெடுக்கும். ஆவிவெளி முறையில் (திரவத்துக்கு மேலே சேரும் ஆவியை மட்டும்) எடுங்கள், இல்லாவிட்டால் ஹெக்சேன் போன்ற ஒன்றால் சேர்மத்தை மட்டும் திரும்ப இழுங்கள். நிறை நிறமாலையில் நிறை-மின்னூட்ட விகிதம் 139 என்றால் பியூட்டைல், 167 ஹெக்சில், 195 ஆக்டைல், எதிரயனிகளைப் பார்க்கும் முறையில் 280 பிஸ்டிரைஃபிளிமைடு. இவை வெளிவரும் நேரத்தில் ஓட்டத்தைக் கழிவுக்குத் திருப்பிவிடாவிட்டால் சேர்மத்தின் சைகை அமுங்கும். அளவுத்திருத்தக் கரைசல்களை வெறும் மெத்தனாலில் செய்யாமல், மாதிரி கடந்துவரும் அதே பிரித்தெடுப்பு வழியாகக் கொண்டுவாருங்கள்.

மேலே நின்ற நீரைத் தொட்டியில் ஊற்றிவிடுவதும் தவறுதான். பார்வைக்குத் தெளிந்த அந்த நீரில் லிட்டருக்குப் பல கிராம் திரவம் இருக்கக்கூடும், சங்கிலி நீள நீள நீர்வாழ் உயிர்களுக்கு நச்சும் கூடுகிறது. அதைத் தனிக் கழிவாகச் சேருங்கள், பிஎஃப்6 கலந்ததென்றால் கண்ணாடிப் புட்டியில் வேண்டாம், பாலிஎத்திலீன் கேனில்.