மலையகத்தில் ஓவியக் கண்காட்சி: மழையைக் கேட்டுவிட்டுத் திகதி போடுங்கள்

ஹட்டனில் நாங்கள் முதன்முதலாக ஓவியக் கண்காட்சி வைத்தது ஒரு ஜூலை மாதம். எல்லாம் மாணவர்கள் வரைந்தவை, 36 படம். பிரிஸ்டல் போர்டில் ஒட்டி, டபுள் டேப்பால் மண்டபச் சுவரில் பதித்திருந்தோம். இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தால் 11 படம் தரையில் குப்புறக் கிடக்கிறது. சுவரில் மிஞ்சியவை பொரித்த அப்பளமாய் நெளிந்திருந்தன. டேப்போடு சுவர் பெயின்டும் உரிந்து வந்ததால் முற்பணத்தில் பாதி போனது தனிக்கதை.

படம் சரியில்லாமல் கண்காட்சி கெட்டதை நான் அதிகம் கண்டதில்லை. திகதியாலும் ஈரத்தாலும் பஸ்ஸாலும் கெட்டதைத்தான் கண்டிருக்கிறேன்.

திகதியை எடுத்துக்கொள்வோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கத்தை விடாது. இந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைக்கு இதே கணக்கு தலைகீழ்: ஜூன், ஜூலையில் அங்கே காய்ந்து கிடக்கும், வருடக் கடைசியில்தான் கொட்டும். 'மலையகம்' என்று ஒரே பெயரைச் சொல்லி இரண்டுக்கும் ஒரே மாதத்தைக் குறித்துவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. டிசம்பர் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். அந்த வார இறுதிகளில் ஹட்டன் - மஸ்கெலியா பாதையில் வாகனம் நகராது. ஏப்ரலில் நுவரெலியாவில் சுற்றுலா சீசன், வெளியூர் ஓவியருக்கு அறை தேடினால் வாடகையைக் கேட்டே திரும்பிவிடுவார்.

அடுத்தது நேரம். 'செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குத் திறப்பு விழா' என்று அழைப்பிதழ் அடிக்கிறோம். அந்த நேரத்தில் படத்தில் இருக்கிற பெண்களெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். வந்து பார்த்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போச்சு. கொழும்பிலிருந்து வரும் விருந்தினருக்கு வசதியான நேரம்தான், ஆனால் கண்காட்சி அவருக்காகவா? ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அதுவும் சம்பளம் வந்த வார ஞாயிறாக இருந்தால் இன்னும் நல்லது. டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் பையோடு உள்ளே வருவார்கள். வாசலில் பை வைக்க ஒரு மேசை போடுங்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, பேச்சுகளை அதற்கு முன்னால் முடியுங்கள். (பொன்னாடை போர்த்துவதைக் குறைத்தாலே முக்கால் மணித்தியாலம் மிச்சம்.)

இனி ஈரம். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி விரியும். நான்கு பக்கமும் ஒட்டி வைத்தால் விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும். மேல் விளிம்பில் மட்டும் பிடிமானம் கொடுத்துத் தொங்கவிடுங்கள். கண்ணாடிச் சட்டம் போடுகிறவர்கள் படத்தைக் கண்ணாடியோடு அழுத்திப் போட்டுவிடுகிறார்கள். இரவுக் குளிரில் உட்புறம் வேர்த்தால் நீர்வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. சுற்றிலும் தடித்த அட்டையில் ஒரு விளிம்பு வெட்டிப் போட்டால் இரண்டுக்கும் நடுவே காற்று இருக்கும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகுகிறது, குளிரில் அது மெதுவாகும். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும் படத்தை அடுக்கிக் கட்டி வேனில் ஏற்றினால் ஒன்றின் வண்ணம் மற்றதன் முதுகில் இருக்கும். கன்வஸைச் சுருட்டுவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணப் படலம் நசுங்கும்.

லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவே பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதில் ஸ்டூடியோ எங்கே? பிள்ளைகள் அடுப்புக்குப் பக்கத்தில் படத்தைக் காயப்போடுகிறார்கள். விறகுப் புகை இரண்டு மாதத்தில் வெள்ளைத் தாளைப் பழுப்பாக்கிவிடும். பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பூட்டிக் கிடக்கும் நேரத்தில் ஒரு மூலையைக் கேட்டுப் பாருங்கள். கேட்ட இடமெல்லாம் மறுத்ததில்லை.

தேயிலைச் சாயத்தில் வரைவது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும். கடுஞ்சாயத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு வைத்தால் இரும்பும் சாயத்தின் துவர்ப்பும் சேர்ந்து மைக்கறுப்பாகிவிடும், அதைப் பார்த்து வாய் பிளக்காத பிள்ளை இல்லை. ஆனால் சாயம் வெயிலில் நிறம் மாறும். விற்கப் போகிறீர்கள் என்றால், சாயம் பூசிய ஒரு துண்டுத் தாளில் பாதியை மூடி ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குகிறவருக்கும் காட்டுங்கள்.

புகைப்படக் கண்காட்சியில் வேறொரு தவறு. ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1879இல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்த படங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் ஒன்றின் தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர்கள்' என்கிறது, அவ்வளவுதான். முகம் இருக்கிறது, பெயர் இல்லை. நூற்றைம்பது வருடம் கழித்து நாமும் 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று அட்டை எழுதினால் எப்படி? படத்தில் இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள், சம்மதித்தால் பெயரைப் போடுங்கள், ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கம்பளை ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007 முதல் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பழைய லயத்தில் உலக்கையும் விளக்கும் வைத்திருக்கும் விதம் பாடமாக இருக்கும்.

உயர்தரத்தில் சித்திரம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பெறுபேறு நன்றாக வந்தால் பல்கலைக்கழகம் தானாகக் கூப்பிடும் என்று இருந்துவிடாதீர்கள். காண்பியக் கலைப் பட்டப் படிப்புகளுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருடம் வீட்டிலிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பெயர் அட்டையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'தலைப்பிடப்படாதது - 3' வேண்டாம். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் போடுங்கள். நம் ஆட்கள் முதலில் தேடுவது அதைத்தான். போன தடவை ஒரு பாட்டி அட்டையைப் பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, படத்துக்குக் கிட்டப் போய், "மேப்பிரிவு லயம்னு போட்டிருக்கீங்க, தண்ணிப் பீலி இந்தப் பக்கமில்ல இருக்கணும்?" என்றார். வரைந்த பையன் மறுநாள் பிரஷ்ஷோடு வந்து பீலியை இடப்பக்கம் மாற்றினான்.