ராஜகல ஏறப் போறீங்களா? சமதரை ஆக்கள் விடுற பிழைகள்

அம்பாறை டவுன்ல இருந்து உகன பக்கமா ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போனா ராஜகல வரும். கிமு 2ம் நூற்றாண்டுப் பழமை உள்ள ஒரு பௌத்த மடாலயம் காட்டுக்குள்ள பரந்து கிடக்கிற மலை, இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டு வந்த மகிந்த தேரரிட அஸ்தி வைச்ச தூபியைப் பத்திச் சொல்லுற பிராமிக் கல்வெட்டும் அங்கதான் இருக்கு. உயரம் ஆயிரம் அடி மட்டில. அதக் கேட்டிட்டு ஒரு மணித்தியாலத்துல ஏறி இறங்கிரலாம் எண்டு வாற ஆக்கள்தான் பாதி வழில முழங்காலப் பிடிச்சுக்கொண்டு கல்லில குந்தி இருக்கிறது. நாங்க மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துச் சமதரை ஆக்கள், அதுதான் விஷயம். வாழைச்சேனைல இருந்து பொத்துவில் வரைக்கும் கடற்கரை ரோட்டால போனா கால் உணர்ற ஏத்தம் எண்டு சொல்ல பாலங்கள் மட்டும்தான் இருக்கு, அதிலயும் முக்கால்வாசிப் பேர் மோட்டர்சைக்கிள்லதான் போறம். கண்டி, பதுளைப் பக்கத்து ஆக்களுக்கு வீட்டு வாசலே படி, அவங்கட காலுக்கு அது பழக்கம், எங்கட காலுக்கு இல்ல.

அதால முதல் பிழை விடுறது மலைல இல்ல, போறதுக்கு ஒரு மாசம் முந்தி வீட்டிலதான். பின்னேரத்தில கல்லடிப் பாலத்தில நடக்கிறன், அது காணும் எண்டு நினைக்கிறாங்க. காணாது. சமதரைல நடக்கிறதும் படி ஏறுறதும் ஒண்டில்ல, தொடைக்கு முன்பக்கத் தசைக்கு வாற பாரம் வேற. ரெண்டு மாடிக் கட்டிடம் ஒண்டு பக்கத்தில இருந்தா, கிழமைல மூண்டு நாளாவது படி ஏறி இறங்குங்க, மறுகா ஒரு ஞாயிற்றுக்கிழமை தாந்தாமலைக்குப் போய் மேல ஏறிக் கும்பிட்டிட்டு வாங்க. ஏறுறதை விட இறங்குறதைத்தான் நல்லாப் பழகணும், ஏன் எண்டு கீழ சொல்றன்.

ஏறத் தொடங்கேக்க இளசுகள் விடுற பிழை வேகம். முதல் படிகள்ல போட்டி போட்டுக்கொண்டு ஓடுறது. ராஜகலப் பழைய கல்லுப்படி வீட்டுப் படி மாதிரி ஒரே அளவில இல்ல, ஒண்டு உயரம், மற்றது பதிவு, இடைல வேரும் உருண்டைக் கல்லும், ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்கணும். அதில ஓடினா பத்து நிமிஷத்தில நெஞ்சு அடிக்கத் தொடங்கும், பொறகு நிண்டு, ஓடி, நிண்டு, ஓடி எண்டு உள்ள சக்தி எல்லாம் போயிரும். பக்கத்தில வாற ஆளோட மூச்சு வாங்காமக் கதைக்க ஏலும் எண்டா அதுதான் சரியான வேகம். கதைக்க ஏலாட்டி மெதுவாகுங்க. கூட்டத்தில ஆக மெதுவா நடக்கிற ஆளை முன்னுக்கு விடுங்க, கடைசில விட்டிட்டு மற்ற எல்லாரும் மேல போய் நிண்டு கூப்பிடுறது சரியில்ல, அந்த ஆள் வந்து சேர்ந்த உடனே நீங்க வெளிக்கிடுவீங்க, அவருக்கு ஆற நேரமே இல்ல.

இப்ப வெயில். இதுல நான் கொஞ்சம் கூட எழுதுவன், ஏனெண்டா எங்கட மாவட்டங்கள்ல ஆளை விழுத்துறது படி இல்ல, வெக்கைதான். யூன், யூலை, ஆகஸ்ட் மாசத்தில கச்சான் காத்து அடிக்கும், மேற்கால மலை தாண்டி வாற சூடான, ஈரமில்லாத காத்து. வேர்வை வாற வேகத்திலயே காய்ஞ்சிரும், அதால தனக்கு வேர்க்கல்ல எண்டு ஆள் நினைக்கும், உண்மைல உடம்பில இருந்து தண்ணி போய்க்கொண்டே இருக்கும். காடுதானே, நிழல்தானே எண்டு நம்பவும் வேணாம், மேல பாறை வெளிக்கிற இடங்கள்ல கல்லு சுடும். ஒரு ஆளுக்கு ரெண்டு லீட்டருக்குக் குறையாமத் தண்ணி கொண்டு போங்க, கச்சான் காலம் எண்டா மூண்டு. ஆறு பேருக்கு ரெண்டு போத்தல் சோடாவோட ஏறுற குறூப்புகளைக் காணேக்க எனக்கு உண்மைலயே பயம் வாறது. தாகம் எடுக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காம அடிக்கடி ரெண்டு மிடறு குடிங்க. ஜீவனி (தண்ணில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) பக்கட் ஒண்டு பேக்கில இருக்கட்டும், அதை ஒரு லீட்டர் தண்ணில முழுசாக் கரைக்கணும், சின்னப் போத்தல்ல முழுப் பக்கட்டையும் கொட்டிக் குடிக்கிறது கூடாது. சாப்பாட்டுக்கு வாழைப்பழம், பேரீச்சம்பழம், வறுத்த கச்சான் கடலை காணும். காலைல பிரியாணிப் பார்சல் சாப்பிட்டிட்டு ஏறாதீங்க. தலையிடி, சத்தி வாற மாதிரி, கதைக்கேக்க தடுமாற்றம் எண்டு ஆருக்கும் வந்தா அதோட ஏறுறது நிப்பாட்டி நிழல்ல இருத்தி, உடுப்பை நனைச்சு விசுக்கி, 1990 அம்புலன்சுக்கு அடிக்கணும். “இன்னும் கொஞ்சம்தான்” எண்டு இழுத்துக்கொண்டு மேல போறதுதான் ஆபத்து.

மாரி காலத்தில பிரச்சினை வேற. கார்த்திகை, மார்கழி மழைக்குப் பொறகு கல்லில பாசி பிடிக்கும், பார்வைக்கு ஒண்டும் தெரியாது, கால் வைச்சாத்தான் தெரியும். பாட்டா செருப்போட வாறாங்க, தேய்ஞ்ச கன்வஸோட வாறாங்க, ஜீன்ஸ் போட்டு அது நனைஞ்சு பாரமாகி முழங்கால மடக்க ஏலாமப் போகுது. அடி நல்லாப் பிடிக்கிற சப்பாத்து, லேசான நீளக் காற்சட்டை, உயரமான சொக்ஸ், அவ்வளவும் போதும். உண்ணி ஏறாம இருக்கவும் அதுதான் நல்லம், வீட்ட வந்து காதுக்குப் பின்னால, முழங்கால் மடிப்பில ஒருக்காப் பாருங்க.

நேரம். மட்டக்களப்பில இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓட்டம் இருக்கு. வெயிலுக்கு முந்தி ஏறணும் எண்டு இருட்டோட அந்தக் காட்டு ரோட்டில மோட்டர்சைக்கிள்ல போறதும் பிழை, பத்து மணிக்கு ஆறுதலாப் போய்ச் சேர்றதும் பிழை. ஆனை ரோட்டுக்கு வாறது கூடுதலா விடியச்சாமமும் மம்மலும்தான். அம்பாறை தாண்டேக்க வெளிச்சம் வந்திருக்கணும், திரும்பேக்க நாலு மணிக்கெல்லாம் வண்டில ஏறியிருக்கணும். அடிவாரத்தில தொல்பொருள் திணைக்கள ஆக்கள்கிட்ட ஆனை நடமாட்டம் எப்பிடி எண்டு கேளுங்க, அவங்க போகாதீங்க எண்டா போகாதீங்க. பாலப்பழம் பழுக்கிற காலத்தில கரடியும் மரத்தடிக்கு வரும், அதால பாதையை விட்டுப் பத்தைக்குள்ள இறங்கிறது, குகைக்குள்ள எட்டிப் பார்க்கிறது ரெண்டும் வேணாம். புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு போறவங்களுக்கும் சொல்லுறன், பாறை இடுக்கில தேனீயும் குளவியும் கூடு கட்டியிருக்கும், சத்தமும் புகையும் கடும் வாசனை சென்ட்டும் அதுகளைக் கிளப்பி விடும், படில நிண்டு ஓடவும் இடமில்ல.

மேல போனாப் பொறகு விடுற பிழை போட்டோ. தூபில, தூணில, செதுக்கின கல்லில ஏறி நிண்டு போஸ் குடுக்கிறது. 2019 தை மாசம் ஹொரவப்பொத்தானைல பழைய தூபி ஒண்டில ஏறிப் படம் எடுத்ததுக்கு எங்கட மாவட்டத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கைதானது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 1940ம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதுக்கு இருக்கு. சட்டத்தை விடுங்க, தாந்தாமலைல ஆரும் சப்பாத்தோட மூலஸ்தானத்துக்குப் பக்கத்தில ஏறினா எங்களுக்கு மனசு எப்பிடி இருக்கும், அதே மரியாதைய அங்கயும் குடுக்கணும். தோள், முழங்கால் மூடின உடுப்போட போங்க. பிளாஸ்டிக் போத்தல் எத்தினை கொண்டு போனீங்களோ அத்தினையும் திரும்பி வரணும்.

இறங்குறதுதான் கூடுதலாக் காயம் வாற இடம். ஏறேக்க தசை சுருங்கி வேலை செய்யும், இறங்கேக்க நீண்டுகொண்டே உடம்பிட பாரத்தைத் தாங்கும், அதுதான் தசை நாரைக் கூடுதலாக் கிழிக்கிறது. தொடை நடுங்கத் தொடங்கினாப் பிடிமானம் போயிரும், அந்த நேரம்தான் கணுக்கால் பிரளுறது. அதால கீழ போனாச் சாப்பிடலாம் எண்டு அவசரப்படாம, மேலயே அரை மணித்தியாலம் ஆறிட்டு, முழங்கால லேசா மடிச்சபடி சின்னச் சின்ன அடியா, உயரமான படில பக்கவாட்டாத் திரும்பி இறங்குங்க. ஊண்டிக்கொள்ள ஒரு தடி இருந்தா நல்லம், அதை வீட்டில இருந்தே கொண்டு வாங்க, காட்டு மரத்தை முறிக்காதீங்க.

நோவு அண்டைக்குத் தெரியாது. அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் கூட இருக்கும், நாலஞ்சு நாளில அடங்கிரும். முழுக்கப் படுத்துக் கிடக்காம வளவுக்குள்ள கொஞ்சம் நடங்க, தண்ணி நல்லாக் குடிங்க. நோவோட சேர்த்துச் சிறுநீர் தேத்தண்ணிச் சாயம் மாதிரிக் கறுத்துப் போகுது எண்டா மட்டும் எண்ணெய் தேய்ச்சுப் பார்த்துக்கொண்டு இருக்க வேணாம், தசை உடைஞ்சு கிட்னியத் தாக்கலாம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.