ஒன்றுமே கிடைக்காத நாளையும் எழுதுங்கள்: செயின்ட் பால் தீவில் கடற்பறவை வேலைக்கு வருகிறவர்களுக்கு

போன ஜூனில் புதிதாக வந்த இரண்டு பேர், வண்டி நின்றதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராகப் பாறை விளிம்புக்கு ஓடினார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் அதே இடத்தில் அப்படித்தான் ஓடினேன். அன்று மாலை அவர்களிடம் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெர்மல் போடுங்கள், ஈரத்தில் பேனா எழுதாது, பென்சில் வையுங்கள், மூடுபனியில் விமானம் நாலு நாள் வராது, மருந்து மாத்திரை கூடுதலாகக் கொண்டு வாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள்.

இடம் தெரியாதவர்களுக்காக: பெரிங் கடலின் நடுவில், அலாஸ்கா நிலப்பரப்பிலிருந்து சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது செயின்ட் பால். பிரிபிலோஃப் தீவுகளில் பெரியது இதுதான். மரமே கிடையாது. ஊரில் நானூறு பேர் அளவுக்கு இருக்கிறார்கள், பெரும்பாலும் உனங்கன் என்ற அலாஸ்காப் பழங்குடி மக்கள். ரோமக் கடல்நாய் வேட்டைக்காக 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யர்கள் இவர்களின் முன்னோர்களை இங்கே கொண்டு வந்து இறக்கினார்கள். கோடையில் லட்சக்கணக்கான கடற்பறவைகள் குஞ்சு பொரிக்க வருகின்றன. அவற்றை எண்ணுவதிலும், கரையில் ஒதுங்கும் செத்த பறவைகளைக் கணக்கெடுப்பதிலும் ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். நீங்கள் சேரப்போவது அவர்கள் செய்துகொண்டிருக்கிற வேலையில். இதை மறந்தால் கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் வரிசையாக வரும்.

முகத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

செத்து ஒதுங்கிய பறவைக்குப் பல நேரம் முகமே இருக்காது. நரியும் கடற்காகமும் முந்திக்கொள்ளும். இறக்கை ஒன்றும் காலும்தான் மிஞ்சும். முகம் இருந்தாலும் ஏமாற்றும். குடுமி பஃபின் என்ற கடற்பறவை என்றால் கண்ணுக்குப் பின்னால் தொங்கும் மஞ்சள் குடுமியும் பெரிய ஆரஞ்சு அலகும்தான் படத்தில் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் குடுமி உதிர்ந்துவிடும், அலகின் வண்ண ஓடும் கழன்றுவிடும். சாம்பல் முகமும் மங்கிய அலகுமாகக் கிடப்பதைப் பார்த்து வேறு ஏதோ பறவை என்று எழுதிவிடுவார்கள்.

காலிலிருந்து தொடங்குங்கள். மூன்று விரல், இடையில் சவ்வு, பின்விரலே இல்லை என்றால் மர், பஃபின், ஆக்லெட் என்ற கடற்பறவைகளின் குடும்பமாக இருக்கலாம். நான்கு விரலையும் சேர்த்துச் சவ்வு இருந்தால் நீர்க்காகம். அப்புறம்தான் அலகு, இறக்கை, கணுக்கால் அளவுகள். பத்து வயதுப் பிள்ளைகள் இதை ஒரே மதியத்தில் கற்றுக்கொள்கிறார்கள். பறவைப் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டு வரும் பெரியவர்களுக்குத்தான் நாளாகிறது.

பாறை விளிம்பில் சட்டென்று எழுந்து நிற்காதீர்கள்

மர் கூடு கட்டாது. வெறும் பாறைத் திட்டில் ஒரே ஒரு முட்டை, அதுவும் பாதத்தின் மேல். நீங்கள் திடீரென்று தலை காட்டினால் நூறு பறவை ஒரே நொடியில் பறக்கும், முட்டைகள் உருளும், மிச்சத்தைக் கடற்காகம் எடுத்துக்கொள்ளும். என்னால் அப்படி விழுந்த ஒரு முட்டையைப் பார்த்தேன். நீலப்பச்சை ஓட்டில் கறுப்புக் கிறுக்கல், கீழே பாறையில் பட்டுத் தெறித்தது. தவழ்ந்து போங்கள், தவழ்ந்தே திரும்புங்கள்.

பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள்

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இத்தனை வருடம் கழித்தும் ஒருவர் இந்தத் தவறைச் செய்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கரை நடை என்பது எளிமையான வேலை. ஒரே கரைத்துண்டு, மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். ஒதுங்கிய பறவையை அளந்து, படம் எடுத்து, இறக்கையில் நிறக் கேபிள் டை மாட்டிவிட்டு வர வேண்டும். அடுத்த முறை அதே பறவையைப் புதிது என்று எண்ணாமலிருக்கத்தான் அந்த டை. முதல் வருடம் எனக்கு ஒரு கிலோமீட்டர் கரை கொடுத்தார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பதினான்கு முறை நடந்தேன். நான்கு முறைதான் பறவை கிடைத்தது, மொத்தம் ஏழு. அந்த நான்கு நாளுக்கும் அழகாகப் படிவம் நிரப்பினேன். மீதிப் பத்து நாள், விரல் மரத்துப்போய் வண்டிக்குத் திரும்பும்போது, ஒன்றும்தான் இல்லையே, இதில் எதை எழுதுவது என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். பதினான்கு நடைக்கு ஏழு பறவை என்றால் நடைக்கு அரைப் பறவை. நான் கொடுத்த தாள்களின்படி நான்கு நடைக்கு ஏழு, அதாவது நடைக்கு ஒன்றேமுக்கால். உண்மையைவிட மூன்றரை மடங்கு. சாதாரணக் குளிர்காலத்தை நான் சாவு மிகுந்த குளிர்காலமாக ஆக்கிவிட்டேன். அதைவிட மோசம் இனிமேல்தான்: நிஜமாகவே பறவைகள் கொத்தாகச் சாகும் ஒரு வருடம் வந்தால், நடைக்கு ஒன்றேமுக்கால் என்று வந்தால், பழைய தாளோடு ஒப்பிட்டு “வழக்கம்போலத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அடுத்த வருடம், எண்களைச் சேர்க்கிறவர் போன் செய்தார். “நவம்பர் முழுக்கத் தாளே இல்லை. போகவில்லையா, போய் ஒன்றும் கிடைக்கவில்லையா?” எனக்கு நினைவில்லை. போனேன் என்று தெரியும், எத்தனை முறை, எந்தத் தேதி என்று சொல்ல முடியவில்லை. ஊகித்துச் சொல்லவும் மனசு வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிடைத்த ஏழு பறவையும் சேர்ந்து போயிற்று.

இதன் விலை என்ன என்று புரிய வேண்டுமானால் 2016-ஐப் பாருங்கள். அந்த அக்டோபரில் இந்தத் தீவின் கரையில் குடுமி பஃபின்கள் ஒதுங்கத் தொடங்கின. 2017 ஜனவரிக்குள் 350-க்கும் மேற்பட்ட பறவைகள். பெரும்பாலும் குடுமி பஃபின், கூடவே கொண்டை ஆக்லெட். எலும்பும் தோலுமாக, பல இறகு உதிர்க்கும் நிலையில். கரைக்கு வந்து சேர்வது செத்ததில் ஒரு பங்குதான். கடலிலேயே போனதையும் சேர்த்தால் குறைந்தது 3,150, ஒருவேளை எட்டாயிரத்துக்கும் மேல் இறந்திருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. கடல் சூடேறியதால் இரை மாறிப்போனதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். இது அசாதாரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடிந்தது? அதற்கு முந்தைய வருடங்களில் ஊர்க்காரர்கள் இதே கரைகளில் நடந்து நடந்து, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வெற்று நாள்களின் தாள்கள் இல்லாமல் போயிருந்தால், அந்த 350 பறவையை எதோடு வைத்துப் பார்ப்பது?

பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் என்னோடு ஒன்றரை மணிநேரம் எதிர்காற்றில் நடந்துவிட்டு, தாளை நீட்டினால் வாங்கவே இல்லை. “சைபர் என்று எழுதினால் நான் சரியாகத் தேடவில்லை என்று நினைப்பார்கள்” என்றான். எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நம்மூரில் பரீட்சையில் சைபர் எடுத்தவனை முட்டை வாங்கினான் என்போமே, அந்த அவமானம் அந்தப் பையனின் முகத்திலும் இருந்தது. எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் சைபர் என்றால் தோல்வி என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். “உன் கண் தேடியது, பறவை இல்லை. இந்த இரண்டையும் நீ இல்லாமல் யாருக்கும் தெரியாது” என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சமாதானமாகவில்லை. பழைய தாள்களை எடுத்து, 2016-க்கு முந்தைய வரிசையைக் காட்டிய பிறகுதான் பென்சிலை வாங்கினான். அவனுடைய அத்தை எழுதிய சைபர் ஒன்று அதில் இருந்தது.

இப்போது நான் செய்வது இது. கரையில் கால் வைக்கும் முன்பே தேதி, தொடங்கிய நேரம், காற்று, கரையில் பனி எவ்வளவு, கடற்பாசி எவ்வளவு என்று எழுதிவிட வேண்டும். தாள் தொடங்கிவிட்டால் முடிக்காமல் இருக்க மனசு வராது. முடித்த நேரத்தையும் எண்ணிக்கையையும் வண்டிக் கதவைத் திறக்கும் முன் எழுத வேண்டும். பனி மூடிய கரையின் சைபரும் வெறும் மணல் கரையின் சைபரும் ஒன்றல்ல, அதனால்தான் பனியைக் கேட்கிறோம். போக முடியாத நாளா, “போகவில்லை, புயல்” என்று அதையும் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து சைபர் போட்டு நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். அதற்கு வெற்றுத்தாளே மேல்.

போன வருடம் நின்ற கல்லிலேயே நில்லுங்கள்

பத்தடி தள்ளி நின்றால் வேறு பாறை தெரியும், அது வேறு கணக்கு.

தள்ளாடும் பறவையைத் தூக்காதீர்கள்

பறவைக் காய்ச்சல் 2022-ல் அலாஸ்காவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள்.

பெட்டியைச் சோதிக்காமல் தீவுக்குள் கொண்டு வராதீர்கள்

செயின்ட் பாலில் பெரிய எலி (rat) கிடையாது. பறவைகள் இருப்பதற்கு அதுவும் பெரிய காரணம். இங்கே சூச்கி என்று அழைக்கும் சின்ன ஆக்லெட் 85 கிராம்தான் இருக்கும், கற்களின் இடுக்கில் முட்டையிடும். எலிக்கு அது திறந்து வைத்த சமையலறை. 2018-ல் ஒரே ஒரு எலி கண்ணில் பட்டது. அது செத்துக் கிடைக்கும்வரை, 2019 வரை, பொறியும் கேமராவுமாகத் தேடினார்கள். ஒரு எலிக்குக் கிட்டத்தட்ட பத்து மாதம். உங்கள் மூட்டையையும் அட்டைப்பெட்டியையும் புறப்படும் இடத்திலேயே கொட்டிப் பார்த்துக் கட்டுங்கள்.

முட்டை எடுக்கும் வீட்டுக்குப் பாடம் எடுக்காதீர்கள்

இங்குள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மர் முட்டை எடுத்துச் சாப்பிடுகின்றன. முதல் கோடையில் பிள்ளைகளுக்கான முகாமுக்கு வந்த ஒரு சிறுமியிடம், முட்டை எடுத்தால் பறவை குறையும் என்று சொன்னேன். மறுநாள் அவளுடைய தாத்தா வந்தார், சத்தம் போடவில்லை. “தம்பி, எந்தத் திட்டில், எந்த வாரம் எடுப்போம் என்று கேட்டாயா?” என்றார். பருவத்தின் ஆரம்பத்தில் முட்டை போனால் மர் மறுபடி இடும் என்பதும், அந்த வாரம் தாண்டினால் தொடக்கூடாது என்பதும் அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் அதைக் கட்டுரையில் படித்தது அதற்கப்புறம்தான். அந்தச் சிறுமி இரண்டு வாரம் முகாம் பக்கம் வரவில்லை. இப்போது பாறைக்குப் போகும் முதல் நாள் பெரியவர் ஒருவர் பேசிய பிறகுதான் நான் வாயைத் திறக்கிறேன்.

கணக்கைத் தீவை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்

முதல் இரண்டு கோடையும் என் எண்கள் எல்லாம் ஹார்டு டிஸ்கில் ஏறி விமானத்தில் போயின. மூன்றாவது கோடையில் கடையில் பால் வாங்க நின்றபோது ஒரு அம்மா கேட்டார்: “என் மகன் போன வருஷம் உங்களோடு எண்ணினானே, என்ன ஆயிற்று?” என்னிடம் பதில் இல்லை. எண் என் கையில் இருந்தது, அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த ஊர்ச் சாப்பாடு அந்தக் கடலிலிருந்து வருகிறது. 2022-ல் பனி நண்டுப் பிடிப்பை மூடியபோது ஊரின் வருமானமே ஆடிப்போனது. கடலில் என்ன மாறுகிறது என்று முதலில் தெரிய வேண்டியவர்கள் அவர்கள்.

இப்போதெல்லாம் ஆகஸ்ட் கடைசியில், ஊர் திரும்ப டிக்கெட் போடும் முன், பள்ளி ஜிம்மில் ஒரு மாலை. பிள்ளைகளே எண்களைச் சொல்கிறார்கள். எந்தத் திட்டில் எத்தனை கிட்டிவேக் (ஒரு வகைக் கடற்காகம்) கூடு, எத்தனை குஞ்சு பறந்தது, எந்தக் கரையில் என்ன ஒதுங்கியது என்று. போன முறை, சைபர் எழுத மறுத்த அந்தப் பையன் தன் கரையின் ஒன்பது நடைகளையும் தேதியோடு வாசித்தான். அதில் ஆறு சைபர். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகவே சொன்னான்.