சின்ன அலைக்கு சர்ஃபிங் போர்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பு உயரம்கூட வராத, செங்குத்தாக நிற்காமல் மெதுவாக நுரைத்து உடைகிற அலை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வருடத்தில் பல நாட்கள் நமக்குக் கிடைப்பது இதுதான். இலங்கையில் வெலிகமவின் அகன்ற மணல் வளைகுடாவிலும் இப்படித்தான். தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பி வெகுதூரம் வந்து சேரும் நல்ல அலைகள் மே முதல் செப்டம்பர் வரை எட்டிப் பார்க்கும். அதற்காகவே போர்டு வாங்கிவிட்டு, மீதி நாட்களில் அதே போர்டோடு இறங்கி, "அலையில் பவரே இல்லை" என்று சலித்துக்கொண்டு கரையேறுபவர்கள் நிறைய. பவர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த பவரிலும் நன்றாக ஓடுகிற போர்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே சறுக்குகிறோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6 அடி அலையோடு ஒப்பிட்டால் 2 அடி அலையில், அதே பரப்பில், ஒன்பதில் ஒரு பங்கு ஆற்றல்தான் இருக்கும். வேகமும் குறைவு. அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடையும். அந்த ஆழம்தான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 6 அடி அலை உடையும்போது மணிக்கு 17 கிலோமீட்டர் அளவில் வருகிறது என்றால், 2 அடி அலை 10 கிலோமீட்டரில் வரும். போர்டின் அடிப்பகுதியில் நீர் மோதித் தருகிற தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அலையின் முகமும் சரிவு குறைந்தது. கீழ்நோக்கி இழுக்கிற புவியீர்ப்பின் உதவியும் அதிகம் கிடைக்காது.

ஆக, சின்ன அலைக்கான போர்டு செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. நீரைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு, குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் ஏறி வழுக்க வேண்டும். இதைப் பிளேனிங் என்பார்கள். அதற்கு இரண்டு வழி: நீரைத் தொடுகிற பரப்பைக் கூட்டுவது, வளைவைக் குறைப்பது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால் வருபவை.

லிட்டரை மட்டும் பார்ப்பது

இன்றைக்கு மிகப் பரவலான தவறு இதுதான். போர்டின் கொள்ளளவை லிட்டரில் எழுதும் வழக்கம் வந்தபிறகு, எல்லோரும் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். "என் எடை 70 கிலோ, எனக்கு எத்தனை லிட்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. கேள்வி தவறில்லை. போர்டில் படுத்துக் கைகளால் துழாவிப் போகும்போது, அதாவது பேடில் செய்யும்போது, போர்டு உங்களை எவ்வளவு மிதக்க வைக்கும் என்பதை லிட்டர் சொல்லிவிடும். ஆனால் எழுந்து நின்று ஓடத் தொடங்கியதும் உங்களைத் தாங்குவதில் பெரும்பங்கு அடிப்பரப்பில் மோதும் நீருடையது. அந்தப் பரப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை லிட்டர் சொல்லவே சொல்லாது.

34 லிட்டரில் இரண்டு போர்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று 6 அடி 2 அங்குல நீளம், 19 அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், நல்ல வளைவு, மீதியைத் தடிமனில் சேர்த்தது. இன்னொன்று 5 அடி 8 அங்குலம், 21 அங்குல அகலம், தட்டையான அடிப்பகுதி, தடிமன் இரண்டரை அங்குலம். இரண்டும் உங்களை ஒரே அளவு மிதக்க வைக்கும். ஆனால் இடுப்பளவு மென் அலையில் முதல் போர்டு நுரையோடு சேர்ந்து நின்றுவிடும். இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் லிட்டரைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அகலத்தையும் வளைவையும் கேளுங்கள். என்னைக் கேட்டால் தடிமன்தான் கடைசியாகப் பார்க்க வேண்டிய அளவு.

வாழைப்பழ வளைவு

போர்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் முன்முனையும் வாலும் மேல்நோக்கி, வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். இந்த ராக்கர் செங்குத்தான அலைக்கு அவசியம். வளைந்த அலை முகத்தில் வளைந்த போர்டு பொருந்தி உட்காரும். மூக்கு நீரில் குத்தாது. சரிவே இல்லாத அலையில் அதே வளைவு சுமையாகிவிடும். முன்பக்க வளைவு நீரைத் தள்ளிக்கொண்டு போகும். வால் பக்க வளைவு இன்னும் மோசம்: வளைந்த பரப்பை ஒட்டியே ஓட முயலும் நீர், வாலைக் கீழே உறிஞ்சிப் பிடிக்கும். மென் அலையில் போர்டு பின்னாலிருந்து இழுக்கப்படுவதுபோல் தோன்றுகிறதா? முதலில் வால் வளைவைச் சந்தேகப்படுங்கள்.

போட்டியாளர்களின் போர்டை அப்படியே வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1990களில் அமெரிக்க சர்ஃபிங் உலக சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர் பயன்படுத்திய ஒல்லியான, மெல்லிய, நன்றாக வளைந்த போர்டுகளைப் பார்த்து உலகமே அந்தப் பக்கம் போனது. அவருடைய திறமைக்கும் அவர் ஓடிய அலைகளுக்கும் அவை பொருந்தின. வார இறுதியில் மட்டும் கடலுக்குப் போன சாதாரண ஆட்கள் அந்தப் போர்டுகளில் வருடக்கணக்கில் திணறினார்கள்.

வளைவை அளப்பது எளிது. போர்டைக் கவிழ்த்து வைத்து, நேரான நீள மரச்சட்டம் ஒன்றை அடிப்பகுதியின் நடுவில் பொருத்துங்கள். சட்டத்துக்கும் வாலின் நுனிக்கும் இடையே உள்ள இடைவெளிதான் வால் வளைவு. சின்ன அலை ஷார்ட்போர்டில் இது 2 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இரண்டரையைத் தாண்டினால் அது வேறு வகை அலைக்கான போர்டு. சட்டம் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்துக்குப் போர்டைத் தொட்டபடி போகிறது என்பதையும் பாருங்கள். நுனியளவு என்ன என்பதைவிட இது முக்கியம். நடுப்பகுதி தட்டையாக ஓடி, கடைசி ஓர் அடியில் மட்டும் மூக்கு எழும்பினால், வேகமும் கிடைக்கும், குத்திக்கொள்ளும் பயமும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. தட்டையான போர்டு, கரையருகே சட்டென்று கவிழ்ந்து விழும் அலையில் ஆபத்து. உங்கள் கடற்கரை மணல் செங்குத்தாக இறங்கினால், 2 அடி அலையும் மென் அலை கிடையாது. அலையின் உயரத்தைக் கேட்டு போர்டு வாங்காமல், அது உடைகிற விதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அகலம் எங்கே இருக்கிறது?

"21 அங்குலம்" என்பது போர்டின் மிக அகலமான இடத்தின் அளவு மட்டுமே. அந்த இடம் எங்கே விழுகிறது, வால் எவ்வளவு அகலம் என்பவை வேறு செய்திகள். மென் அலை வாலைத்தான் முதலில் தூக்கித் தள்ளும். ஊசிபோன்ற வாலாக இருந்தால் அந்தத் தள்ளல் பாதி வீணாகும். நடுவில் பெருத்து வாலில் சுருங்கும் போர்டு, அளவுப் பட்டியலில் பிரமாதமாகவும் நீரில் ஏமாற்றமாகவும் இருப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் இரண்டு பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ், விரைவுப் படகுகள் நீரின்மேல் எழும்பி ஓடும் கோட்பாட்டைப் படித்து, அகன்ற வாலுள்ள போர்டுகளைச் செய்தார். 1954இல் கடலிலேயே இறந்துபோனார். 1967இல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ், முழங்காலிட்டு ஓடுவதற்காக, மீன்வால்போல் பிளந்த வாலும், அடியில் துடுப்புபோல் நீட்டி நிற்கும் இரண்டு அகன்ற ஃபின்களும் உள்ள குட்டையான ஃபிஷ் போர்டைச் செய்தார். அந்தப் பிளவு அழகுக்கு வந்ததில்லை. அகன்ற வால் நேராக நன்றாக ஓடும், ஆனால் திருப்பச் சிரமப்படுத்தும். நடுவில் பிளந்துவிட்டால் அகலமும் மிஞ்சும், திரும்பும்போது ஒரு பக்க முனை மட்டும் நீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த வடிவம் இன்றுவரை சின்ன அலையில் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

குட்டை போர்டு மோகம்

ஃபிஷ் குட்டையாக இருக்கிறதே என்று எல்லோரும் குட்டைக்குப் போவதும் தவறு. வழுக்க ஆரம்பித்த பிறகு நீளம் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் வழுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், பேடில் செய்யும் கட்டத்தில், நீளமான போர்டுதான் வேகமாகப் போகும். மென் அலை உங்களை இழுத்துக்கொள்ளாது. நீங்களே அதன் வேகத்தை நெருங்க வேண்டும். 9 அடி லாங்போர்டில் வருபவர் உங்களுக்கு வெகுமுன்பே அலையைப் பிடித்துவிடுவதற்கு இதுவே காரணம். எழுந்து நிற்பதில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறதா? 7 முதல் 8 அடிக்குள் ஒரு போர்டோ, ஒரு நல்ல லாங்போர்டோ உங்களுக்கு நிறைய அலைகளைத் தரும். நிறைய அலை கிடைத்தால்தான் கற்றுக்கொள்ளவே முடியும். நம் கரையில் கற்கத் தொடங்குபவர்களை 5 அடி 6 அங்குலத்தை நோக்கி அவசரப்படுத்துவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரெயில்

போர்டின் விளிம்பைத்தான் ரெயில் என்கிறோம். சின்ன அலை போர்டு என்றாலே ரெயில் வரை தடிமனாக இருக்க வேண்டும் என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். 85 கிலோ ஆளுக்கு அது சரி. 55 கிலோ ஆள் அந்த ரெயிலை நீருக்குள் சாய்க்கவே முடியாது. போர்டு நேராக மட்டும் போகும். நெஞ்சுக்கு அடியில் தடிமன் இருக்கட்டும், விளிம்பை நோக்கி மெலியட்டும். வாலை ஒட்டிய கடைசி மூன்றில் ஒரு பங்கில் ரெயிலின் அடிப்பக்கம் கூர்மையாக முடிய வேண்டும் என்பது இன்னும் முக்கியம். அங்கே விளிம்பு உருண்டையாக இருந்தால் நீர் அதைச் சுற்றி மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். கூர்விளிம்பு நீரை வெட்டி விட்டுவிடும். விரலை வைத்துத் தடவினாலே தெரிந்துவிடும்.

அடிப்பகுதியில் குழிவு, வரிக்கால்வாய் என்றெல்லாம் விற்பனைப் பேச்சில் நிறைய வரும். வேகமான அலையில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. 2 அடி மென் அலையில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபின்களை மாற்றாமலே விட்டுவிடுவது

மூன்று ஃபின் அமைப்பை ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் கொண்டுவந்து, 1981இல் அந்நாட்டின் பெல்ஸ் பீச் போட்டியில் பெரிய அலையில் வென்று காட்டினார். அதன்பிறகு அதுவே எங்கும் வழக்கமானது. 1979 முதல் 1982 வரை நான்கு முறை தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற மார்க் ரிச்சர்ட்ஸின் பெயரோடு சேர்ந்தது இரட்டை ஃபின் போர்டு. மூன்று ஃபின் பிடிமானம் தரும். ஆனால் பக்க ஃபின்கள் மூக்கை நோக்கிச் சற்று உள்ளே திரும்பியிருப்பதாலும், நடுவில் ஒன்று நிற்பதாலும் நீர்த்தடை கூடும். பெரிய அலையில் அந்தத் தடை தெரியாது. சின்ன அலையில் உங்களிடம் இருக்கும் கொஞ்ச வேகத்தையும் அது தின்றுவிடும்.

உங்கள் போர்டில் ஃபின் பொருத்தும் பெட்டிகள் ஐந்து இருந்தால், புதுப் போர்டு யோசிப்பதற்கு முன் நடு ஃபினைக் கழற்றி, காலியாக உள்ள பின்பக்கப் பெட்டிகள் இரண்டிலும் ஃபின் போட்டு, நான்கு ஃபின்னாக ஓட்டிப் பாருங்கள். மூன்று பெட்டிதான் என்றால், பக்கத்தில் பெரிய இரட்டை ஃபின்களும் நடுவில் விரல் நீளச் சின்ன ஃபினும் போடலாம். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும். செலவும் போர்டு விலையில் சிறு பகுதிதான்.

வெயிலும் ரெசினும்

மென் அலைக்குப் பலர் தேர்ந்தெடுப்பது பாலிஸ்டிரீன் நுரை மேல் எபாக்ஸி ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசிய போர்டுகளை. எடை குறைவு, மிதப்பு அதிகம், சரியான தேர்வுதான். ஆனால் நம் வெயிலில் அவற்றைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டால், நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து மேல்பூச்சைப் பெயர்த்துவிடும். காற்றுத்துளைத் திருகு உள்ள போர்டு என்றால் வெயிலில் வைக்கும்போது அதைத் தளர்த்துங்கள், கடலில் இறங்கும் முன் மறக்காமல் இறுக்குங்கள். விரிசல் விட்ட போர்டோடு இன்னும் ஒரு அலை என்று இறங்க வேண்டாம். இந்த நுரை நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும், வாங்கிய நீர் சீக்கிரம் வெளியே வராது.

பழுது பார்க்கும்போது இன்னும் கவனம் தேவை. கடையில் சுலபமாகக் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசினைப் பாலிஸ்டிரீன் மேல் ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். நாணயமளவு காயம் உள்ளங்கையளவு ஆகிவிடும். அந்த வகைப் போர்டுக்கு எபாக்ஸி மட்டும்தான். பழைய பாலியூரிதேன் போர்டுக்கு இரண்டும் பிடிக்கும். கையில் இருப்பது எந்த நுரை என்று தெரியாவிட்டால் எபாக்ஸியையே பயன்படுத்துங்கள். முழுதாக இறுகும்வரை போர்டை நிழலில் வையுங்கள்.