கலிஃபோர்னியாவில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் லைசென்ஸ் வாங்குவது எப்படி?

ஊரில் ரெஸ்பிரேட்டரி தெரபி, அதாவது மூச்சு தொடர்பான சிகிச்சை, படித்துவிட்டு இங்கே வரும் பெண்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “பரீட்சைக்கு எதைப் படிக்கணும் அக்கா?” பரீட்சை அப்புறம். இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பு கோஆர்க். அதன் அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்தவர்களைத்தான், தேர்வை நடத்தும் அமைப்பான என்பிஆர்சி தேர்வு எழுத விடுகிறது. உங்கள் பட்டத்துக்கு அது இல்லையென்றால், இங்கே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஸ்கைலைன், ஃபுட்ஹில், ஒலோனி கல்லூரிகளில் இந்தப் படிப்பு உண்டு. யார் என்ன சொன்னாலும், கோஆர்க் பட்டியலில் கல்லூரியின் பெயரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

தேர்வு இரண்டு. நான் எழுதியபோது முதலாவது மூன்று மணி நேரம், 160 கேள்விகள். அதில் வெறும் பாஸ் மார்க் வாங்கினால் சிஆர்டி என்ற தொடக்கநிலைச் சான்று மட்டும்தான். 2015 முதல் கலிஃபோர்னியாவில் புதிதாக லைசென்ஸ் கேட்பவர்களுக்கு ஆர்ஆர்டி என்ற உயர்நிலைச் சான்று கட்டாயம். ஆகவே முதல் தேர்வில் உயர் கட்ஆஃபைத் தாண்டி, நோயாளியின் நிலையைப் படிப்படியாகக் கையாளும் சிமுலேஷன் தேர்விலும் தேற வேண்டும். அதில் ஒரு சிகிச்சையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்வாங்க முடியாது. தகவல் சேகரிக்கச் சொல்லும் இடத்தில், நோயாளி நீலம் பாரித்துக் கிடக்கும்போது முழு ரத்தப் பரிசோதனையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவசியமானதை மட்டும் பார்த்துவிட்டு, சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆக்சிஜன் கொடுங்கள்.

பிறகு லைசென்ஸ் தரும் மாநில ரெஸ்பிரேட்டரி கேர் போர்டுக்கு விண்ணப்பம். மார்க் பட்டியல் கல்லூரியிலிருந்தே நேராகப் போக வேண்டும். சட்டம், தொழில் நெறிமுறை பற்றிய வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். கல்லூரி, தேர்வு, விண்ணப்பம், கைரேகை நான்கிலும் ஒரே பெயரைக் கொடுங்கள்.

கைரேகை எடுக்கும் லைவ் ஸ்கேன் சாதாரண வேலைதான். ஆனால் நாள் முழுக்கச் சானிடைசர் தேய்க்கும் கைகளில் ரேகை மங்கிப்போய், திரும்ப எடுக்கச் சொல்லிவிடுவார்கள். என் தோழிக்கு அப்படி ஆனது. போவதற்குச் சில நாள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எடுக்கும் நேரத்தில் விரல் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்க வேண்டாம், எஃப்பிஐ பதிவும் போர்டுக்குப் போகும்.

லைசென்ஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்த மாதத்தின் கடைசி நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 30 மணி நேரத் தொடர்கல்வி தேவை. வகுப்பு முடிந்த அன்றே சான்றிதழை ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். போர்டு தணிக்கைக்குக் கேட்டால் காட்ட வேண்டும்.