கர்வம் பிடித்த இளவரசனை வைத்து முதல் நாவல்: வடசென்னையிலிருந்து ஒரு செய்முறை

மாயாஜால நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைபடம் போடுகிறார்கள். ஏழு நாடு, மூன்று மலை, சாபம் பிடித்த ஒரு காடு. இளவரசனுக்குப் பெயர் வைப்பதற்குள் நோட்டு தீர்ந்துவிடுகிறது. வரைபடத்தை மூடி வையுங்கள். ஒரு பையன், அவனுடைய கர்வம், அதற்கு அவன் கொடுக்கும் விலை: தொடங்க இவை போதும்.

முதல் படி: கர்வத்துக்குக் காரணம் கொடுங்கள்

வெறும் திமிரோடு 300 பக்கம் யாரும் துணைக்கு வரமாட்டார்கள். ஏதோ ஒன்றில் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். வியாசர்பாடிப் பக்கம் கேரம் ஆடும் பையன்களைக் கவனியுங்கள். ஸ்டிரைக்கரை வைப்பதற்கு முன்பே “சிவப்பு விழுந்தது” என்று சொல்கிறவன் ஒருவன் இருப்பான். சொன்னபடி போட்டும் விடுவான். அவன் கையில் வாளைக் கொடுங்கள், இளவரசன் தயார். அவன் ஜெயிக்கும் காட்சி ஒன்றை ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள். படிக்கிறவருக்கு வியப்பும் எரிச்சலும் சேர்ந்தே வர வேண்டும்.

இரண்டாம் படி: மாயத்துக்கு விதி வையுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள், நாவலே இதில்தான் நிற்கிறது. பாடம் திருவொற்றியூர்க் கோயிலில் இருக்கிறது. தேவாரம் பாடிய சுந்தரரும் அரசர் வீட்டில் வளர்ந்தவர்தான். திருமுனைப்பாடியை ஆண்ட நரசிங்கமுனையரையர் அவரை மகனாக வளர்த்தார். ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்க, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டி வருகிறது. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது மட்டும் மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனும் சம்மதித்துவிட்டு, மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கும்படி பெண் வீட்டுப் பக்கம் கனவில் சொல்லிவிடுகிறார்! பின்னாளில் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் தெரியாமல் போகிறது.

கட்டுமானத்தைப் பாருங்கள். வில்லன் கிடையாது. நாயகன் தன் சாமர்த்தியத்தில் தானே மாட்டிக்கொள்கிறான். மீட்சியும் ஒரே நாளில் வருவதில்லை: திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில்தான் வலக்கண். உங்கள் இளவரசனுக்கும் அப்படி ஒரு வாக்கு, அதில் அவன் தேடும் ஓட்டை, தவணை தவணையாகத் திரும்பிவரும் ஒரு பொருள் வேண்டும். கதையைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கிரீடம் செல்லாத இடத்துக்கு அனுப்புங்கள்

விடியற்காலையில் காசிமேடு போய் மீன் ஏலத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஈரக் கூடைகளுக்கு நடுவே பட்டாடையோடு உங்கள் ஆளை நிறுத்துங்கள்.

“நான் யார் தெரியுமா?”

“யாராக இருந்தால் என்ன தம்பி? கூடைக்கு வழிவிடு.”

கூடையோடு வரும் அந்த அம்மா அவனைத் திட்டவில்லை. அவமானப்படுத்தும் நோக்கமும் அவருக்கு இல்லை, வேலை இருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு ஞானியைக் கொண்டுவந்து அறிவுரை சொல்ல வைப்பார்கள். ஞானியை அனுப்பிவிடுங்கள்.

நிலக்காட்சிக்கு அதிகம் அலைய வேண்டாம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரமும் பின்னால் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், ஓர் அரசு அழிந்த கதைக்குத் தாராளமாகப் போதும்.

நான்காம் படி: எழுதும் வரிசை

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். அவன் வாக்கை மீறி எல்லையைத் தாண்டும் காட்சியை முதலில் எழுதுங்கள். அது சரியாக அமைந்துவிட்டால், அதற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் பட்டியல் போடலாம். பட்டாபிஷேகம் வேண்டுமா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அநேகமாக வேண்டியிருக்காது.