இழுத்தால் நகராது: பார்க்கின்சன் நடையில் வீட்டார் விடும் பிழைகள்

விறாந்தையிலிருந்து படலை மட்டும் ஒழுங்காக நடந்து வந்தவர், படலையைத் தாண்டும் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறார். பாதம் நிலத்தில் ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது, முழங்கால் நடுங்குகிறது, மேலுடம்பு மட்டும் முன்னுக்குச் சரிகிறது. வெளியே ஓட்டோக்காரர் ஹோன் அடிக்க, மகன் "கெதியா வாங்கோ அப்பா" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். உடம்பு வருகிறது, கால் வரவில்லை. ஆள் விழுவது இப்படித்தான்.

காலில் பெலன் இல்லாமலோ பிடிவாதத்தாலோ அவர் நிற்கவில்லை, அவருக்குப் பார்க்கின்சன் நோய். மூளையின் அடிப்பகுதியில் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிய அழிய, யோசிக்காமல் தானாக நடக்கும் திறன் குறைகிறது. அடி சிறுக்கிறது, கை வீச்சு ஒரு பக்கத்தில் முதலில் நிற்கிறது, ஒடுக்கமான வாசலிலும் திரும்பும் இடத்திலும் கால் உறைகிறது. ஆனால் கண்ணால் பார்த்து, எண்ணி, வேண்டுமென்றே எடுத்து வைக்கும் அடிக்கு மூளையில் இன்னொரு பாதை உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும்.

கால் உறைந்தால் முதலில் முன்னேறும் முயற்சியை விட்டு நிற்கவேண்டும். நிமிர்ந்து ஒரு மூச்சு. பிறகு உடம்பின் பாரத்தை வலது காலுக்கும் இடது காலுக்குமாக இரண்டு மூன்று தரம் மாற்றவேண்டும். பாரம் இல்லாத காலைத் தூக்கி, ஒரு பெரிய அடி. மணல் முற்றமென்றால் அவர் காலுக்கு முன்னால் குறுக்காக ஒரு கோடு கீறி, "இதைத் தாண்டி வையுங்கோ" என்றால் போதும். இழுத்தபோது அசையாத கால் கோட்டைத் தாண்டுவதைப் பார்த்தால் நம்புவது கடினம்தான். வீட்டுக்குள் ஒவ்வொரு நாளும் உறையும் வாசலில் தரைக்கு எடுப்பான நிறத்தில் டேப் ஒட்டுங்கள்: வாசலுக்கு முன் மூன்று கோடு, தாண்டி இரண்டு. இடைவெளி அவருடைய நல்ல நேரத்து அடியின் நீளம், 40 முதல் 60 சென்ரிமீற்றருக்குள் வரும். ஓரம் கிளம்பிய டேப்பை அன்றைக்கே மாற்றுங்கள், அதுவே தடக்கும். கோடு உதவாதவருக்கு "ஒண்டு, ரெண்டு" என்ற எண்ணிக்கை உதவலாம். எண்ணிக்கையை விரைவாக்க வேண்டாம், அடி இன்னும் சிறுத்து ஓட்டமாகிவிடும்.

திரும்புவது நேர் நடையைவிட ஆபத்து. ஒற்றைக் காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினால் மற்றக் கால் பின்தங்கி, கால்கள் பின்னிக்கொள்ளும். இடமிருந்தால் தேர் முடக்கில் திரும்புவதுபோல அகல வளைந்து வரட்டும். குசினி போன்ற ஒடுக்கமான இடத்தில், தான் மணிக்கூட்டு முகத்தின் நடுவில் நிற்பதாக நினைத்து, 12இலிருந்து 3க்கு, 3இலிருந்து 6க்கு என்று ஒவ்வொரு பாதத்தையும் தூக்கி வைக்கவேண்டும், அரக்கக்கூடாது. பின்னுக்கு விழுவது இன்னொரு வகை. அலுமாரிக் கதவு, பிரிட்ஜ், கிணற்றுக் கயிறு என்று தன்பக்கம் இழுக்கும் எந்த வேலைக்கும் பாதங்களை ஒட்டிவைத்து நேரே நிற்கக்கூடாது. ஒரு பக்கமாக, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்கவேண்டும்.

நடந்துகொண்டிருப்பவரிடம் "மாமி ரெலிபோன் எடுத்தவவோ?" என்று கேட்காதீர்கள். பதில் யோசிக்கப்போன கவனம் காலை விட்டுவிடும். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்து விறாந்தைக்கு அனுப்புவதும் அதே பிழை.

கதிரையில் இருக்கப்போகும்போது என்ன ஆகிறதென்பதை அநேகர் கவனிப்பதில்லை. இரண்டடி தள்ளி நின்றே கதிரைக் கையை எட்டிப் பிடிக்கிறார், கால் பின்தங்குகிறது, பாதி கதிரையிலும் பாதி தரையிலுமாக முடிகிறது. இரண்டு முழங்காலின் பின்பக்கத்திலும் கதிரை முட்டுவதை உணர்ந்த பிறகே இருக்கவேண்டும். சாய்மனைக் கதிரை வேண்டாம், அதிலிருந்து எழும்புவது பெரும்பாடு. ஆசனம் ஏறக்குறைய 45 முதல் 50 சென்ரிமீற்றர் உயரம், இரண்டு பக்கமும் கை, பின்பக்கம் சுவர். எழும்பும்போது ஆசன விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வருமட்டும் குனிந்து, கதிரைக் கையை அழுத்தி எழும்பவேண்டும். கமக்கட்டில் கைபோட்டுத் தூக்குவது உங்கள் நாரியையும் கெடுக்கும்.

பக்கத்து வீட்டில் சும்மா கிடந்த வோக்கரை இரவல் வாங்கிக் கொடுப்பது நல்ல மனம்தான். ஆனால் சில்லில்லாத வோக்கரைத் தூக்கி, வைத்து, அடி எடுப்பது நடையைத் துண்டு துண்டாக்கி உறைதலைக் கூட்டலாம். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஆளின் நடையைப் பார்த்த பிறகு வாங்குங்கள். ரப்பர் செருப்பு அரக்கி நடக்கும் காலில் கழரும். குதியில் பட்டியுள்ளது நல்லது. சாரத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டட்டும்.

குளிசை விஷயத்தில் மூன்று பிழை. கிளினிக் நாளில் வெறுவயிற்று இரத்தப் பரிசோதனை என்று பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபாக் குளிசையையும் சேர்த்து நிறுத்துவது முதலாவது. போய் வரும் வழியிலேயே கால் உறையும். திடீரென்று முழுதாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அப்படியான நாளில் குளிசையை என்ன செய்வதென்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இரண்டாவது, பால், முட்டை, மீன், இறைச்சியோடு விழுங்குவது. புரதம் குளிசையோடு போட்டிபோட்டு அதன் வேலையைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னரோ ஒரு மணி பின்னரோ எடுப்பது நல்லது. மூன்றாவதுதான் மோசமானது: சத்திக்கும் தலைச்சுற்றுக்கும் பாமசியில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசீன், சின்னரிசீன். இவை டோபமினைத் தடுத்து நடையை இன்னும் கெடுப்பவை. பெயர்களைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தலைச்சுற்று, எழும்பியதும் பிரஷர் இறங்குவதாலும் வரும். படுத்திருக்கையில் ஒரு தரம், எழும்பி 3 நிமிடத்துக்குள் ஒரு தரம் அளந்து, மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்து விரதமும் வெயிலும் இதைக் கூட்டும்.

குளிசை நேரத்தையும் கால் உறைந்த நேரத்தையும் ஒரு கிழமைக்குக் குறித்துக் கொண்டுபோங்கள். குளிசை ஓயும் நேரத்தில் மட்டும் உறைந்தால் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம். குளிசை நன்றாக வேலைசெய்யும் நேரத்திலும் உறைந்தால், கூட்டிக்கொடுத்துப் பெரும்பாலும் பலனில்லை. அதைத் தீர்மானிப்பவர் வைத்தியர்.

கடைசியாக, சைக்கிள். பத்தடி நடக்க முடியாதவர் சைக்கிளில் ஏறியதும் சீராக மிதிப்பதுண்டு. சுழலும் மிதி காலுக்குத் தாளம் கொடுப்பது ஒரு காரணமாக இருக்கலாம். "நடிக்கிறார்" என்று பேசுவது அநியாயம். அதற்காக மெயின் ரோட்டில் விடவும் கூடாது. ஏறும்போதும் நிறுத்தி இறங்கும்போதும் விழுவார். அசையாமல் நிறுத்திய உடற்பயிற்சிச் சைக்கிள் நல்லது. மறுபக்கம், நோய் தொடங்கிய புதிதிலேயே சமநிலை போய்ச் சைக்கிளை விட்டவர், முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள்ளேயே அடிக்கடி விழுகிறவர் என்றால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பார்க்கின்சன் போலத் தெரியும் வேறு நோயாகவும் இருக்கலாம்.